எல்லாரும் வெளியே போங்க, எக்ஸ்ரே எடுக்கணும்

1. புகார்

"மேடம், உங்க மேல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு."

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, தில்லை நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவராகச் சேர்ந்திருந்த புதிது. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலத்து நெரிசலில் ஊர்ந்து வந்து, அப்போதுதான் பையை மேசை மேல் வைத்திருந்தேன். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நேத்து தொட்டியத்துலேர்ந்து ஒருத்தர் வந்தாரே, ராஜமாணிக்கம்னு. வாழைத் தோட்டம் வெச்சிருக்கவர். அவர்கிட்ட நீங்க அந்த மாதிரி கேள்வி கேட்டீங்களாம்."

"எந்த மாதிரி?"

மருத்துவமனை நிர்வாகம் படித்தவர். அவருக்கு வாய் வரவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "அதான் மேடம்... தாம்பத்யம்" என்றார்.

எரிச்சலாக வந்தது. சர்க்கரை, பிரஷர் என்று வருகிறவர்களிடம் தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கேட்கிறோம். அதே மூச்சில், தாம்பத்ய உறவில் சிரமம் உண்டா என்றும் நான் கேட்பேன். வம்புக்கா கேட்கிறேன்? சர்க்கரை நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுக்கும். ஆண்களுக்கு அங்கே வரும் தளர்ச்சி, பல நேரம் இதயத்துக்கு வரப்போகிற அடைப்பின் முன்னறிவிப்பு. சில மாத்திரைகளாலும் அது வரும். டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றித் தரலாம். சொல்ல மாட்டார்கள். தாங்களாகவே நிறுத்திவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

கேட்டால் வரும் பதில்கள் இருக்கின்றனவே! திருவெறும்பூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தொழிற்சாலைக்காரர், "ரிடையர்மென்ட் ஆனப்பவே அதுவும் ரிடையர் ஆயிடுச்சு மேடம்" என்று சிரித்து மழுப்பினார். எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், "அதெல்லாம் தாண்டியாச்சு டாக்டர். இனிமே பெருமாள் கைங்கர்யம் ஒண்ணுதான்" என்று கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்ததும், ஏதாவது டானிக் உண்டா என்று கேட்டார்.

இதைவிடப் பெரிய தொல்லை, கூட வருகிற கூட்டம். நம் ஊரில் யார் தனியாக டாக்டரிடம் வருகிறார்கள்? மனைவி, மகன், மருமகள், ஊரிலிருந்து வந்த சித்தப்பா எல்லோரும் உள்ளே வந்து சுவரோரம் நிற்பார்கள். நோயாளியைக் கேட்டால் சித்தப்பா பதில் சொல்வார். வெளியே இருங்கள் என்றால், ஏதோ பெரிய வியாதி என்று அழ ஆரம்பித்துவிடுவார்கள்.

ராஜமாணிக்கத்துடன் மனைவி சரோஜாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். அவர்களை வெளியே அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். அவர் முகம் சிவந்தது.

"பேரன் பேத்தி எடுத்தாச்சுங்க. என்னைப் பார்த்து இதைக் கேக்குறீங்களே டாக்டரம்மா!" என்று எழுந்து போனவர், நேராக மேனேஜரிடம் போயிருக்கிறார்.

"சுகர் மட்டும் பாருங்க மேடம், போதும். ஊரெல்லாம் பேரு கெட்டுடும்" என்றார் மேனேஜர்.

"கேட்பேன்" என்றேன். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனார்.

2. நெஞ்சு வலி

சில வாரம் கழித்து ஒரு காலை, கேஷுவாலிட்டியிலிருந்து அழைப்பு. போய்ப் பார்த்தால் அதே ராஜமாணிக்கம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. கட்டிலைச் சுற்றி சரோஜாவும் மாப்பிள்ளையும் நின்றார்கள். ஈசிஜி எனக்குப் பிடிக்கவில்லை. கார்டியாலஜிஸ்ட் வந்துகொண்டிருந்தார். டியூட்டி டாக்டர் ஹரீஷ், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார்.

"அவர்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

"எதை மேடம்?"

இதுதான் எனக்கு ஆற்றாமை. நெஞ்சு வலிக்குக் கொடுக்கும் அந்த மாத்திரை ரத்தக் குழாயை விரிக்கும். ஆண்மைக்கென்று விழுங்கும் மாத்திரையும் அதையேதான் செய்யும். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் பாதாளத்துக்குப் போய்விடும், ஆளும் போய்விடலாம். மாத்திரையை வைக்கும் முன் இந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்று பரீட்சையில் எல்லோரும் எழுதுகிறார்கள். படுக்கைக்குப் பக்கத்தில் வந்ததும் கூச்சம் வந்துவிடுகிறது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா?" என்று நான் கேட்டேன்.

"சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தாங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றார் சரோஜா. அவர் புருஷனின் கண் மாப்பிள்ளை பக்கம் போய்த் திரும்பியது. எனக்கு அது போதும்.

"எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க."

ஒருவரும் அசையவில்லை. "நாங்க ஒண்ணும் பேச மாட்டோம், ஓரமா நிக்கிறோம் டாக்டர்" என்றார் மாப்பிள்ளை. உயிர் போகிற நேரத்தில் இவர்களுக்கு மரியாதையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டுமா?

"எக்ஸ்ரே மிஷின் உள்ளே வருது! கதிர் எல்லார் மேலயும் படும்!" என்று கத்தினேன்.

அறை காலியாகிவிட்டது. மாப்பிள்ளைதான் முதலில் ஓடினார்.

நான் குனிந்தேன். "ராஜமாணிக்கம், எக்ஸ்ரே எதுவும் இல்ல. இப்ப நீங்க மறைச்சா, நாங்க குடுக்குற மருந்தே உங்களைக் கொன்னுடும். வீரியத்துக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓரத்தில் நீர் இறங்கியது. "நேத்து ராத்திரி ஒரு உருண்டைங்க. பஸ் ஸ்டாண்டுகிட்ட லாட்ஜுல மாசாமாசம் ஒரு வைத்தியர் வந்து தங்குவாரு. மூலிகைன்னுதான் சொன்னாரு. மாப்பிள்ளைக்குத் தெரிய வேணாம் டாக்டரம்மா."

மூலிகை உருண்டைக்குள் இங்கிலீஷ் மாத்திரையைப் பொடித்துப் போடுகிறவர்கள் உண்டு. இதில் இருந்ததா என்று சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஹரீஷ் நான் சொல்லாமலே கையிலிருந்ததைக் கீழே வைத்தார். அந்த மருந்தை விட்டுவிட்டு மற்றதைக் கொடுத்தோம். கார்டியாலஜிஸ்ட் வந்து ஆஞ்சியோ செய்து, அடைப்பில் ஸ்டென்ட் வைத்தார். ஆள் பிழைத்தார்.

3. டிஸ்சார்ஜ்

வீட்டுக்குப் போகும் நாளில் மூவரும் என் அறைக்கு வந்தார்கள். கோழி சாப்பிடலாமா, வண்டி ஓட்டலாமா என்று ராஜமாணிக்கம் சத்தமாகக் கேட்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, இங்க எக்ஸ்ரே எடுப்பாங்க போலிருக்கு. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

மாப்பிள்ளை ஒன்றும் கேட்காமல் போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராஜமாணிக்கம் தரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு நீங்க கேட்டீங்களே டாக்டரம்மா. சிரமம் இருக்குங்க. ரொம்ப நாளாவே" என்றார்.

அவசரமில்லை, இதயம் தேறட்டும், முறையான வைத்தியம் இருக்கிறது, லாட்ஜ் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று விளக்கினேன். சரோஜா முந்தானையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என் நோயாளி இல்லை, கூட வந்தவர். எழுந்திருக்கும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"எனக்கும் சுகர் இருக்குங்க. ஊருலேயே காட்டுறேன். யாரும் என்னை இதெல்லாம் கேட்டதில்ல."

"சொல்லுங்கம்மா."

"எரியுதுங்க. பக்கத்துல வந்தா உயிர் போற மாதிரி வலி. அதான் பேத்தியைப் பக்கத்துல போட்டுக்கிட்டுத் தள்ளித் தள்ளிப் படுத்தேன். இவரு தன்கிட்டதான் குறைன்னு நெனச்சுட்டாரு போல." என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுக்காகவாங்க அந்த உருண்டையைத் தின்னாரு?"

ராஜமாணிக்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

சர்க்கரையால் வரும் பூஞ்சைத் தொற்று, மாதவிடாய் நின்ற பின் வரும் வறட்சி. இரண்டும் களிம்பிலும் மாத்திரையிலும் அடங்குகிற தொல்லை. கேட்க ஆளில்லாததால் ஓர் உயிர் ஊசலாடிவிட்டது. சரோஜாவை அன்றே மகளிர் நல மருத்துவரிடம் அனுப்பினேன்.

அவர்கள் போனதும் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷமா போறாங்க மேடம். இனிமே கம்ப்ளெய்ன்ட் வராது."

"வரும்" என்றேன். "நாளையிலேர்ந்து கூட வர்ற அம்மாக்களையும் கேக்கப் போறேன்."