பத்தில் இரண்டு முறை விழும் டெஸ்ட்

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் குழுவுக்குக் கெர்னல் வேலை, அதாவது கம்ப்யூட்டரின் நினைவகத்தையெல்லாம் பங்கிட்டுத் தரும் அடிப்படை புரோகிராமை எழுதுவது. ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு போலிக் கம்ப்யூட்டரை ஓட்டுவோம். உள்ளே இருப்பது தனக்கு இன்னும் ஒதுக்கப்படாத நினைவகத்தைத் தொட்டால், வெளியே இருக்கும் கெர்னல் அதைப் பிடித்து இடம் கொடுக்க வேண்டும். அதைச் சரிபார்க்கும் டெஸ்ட், பத்து முறை ஓட்டினால் இரண்டு முறை விழும். எந்த இரண்டு என்று கேட்டால், எனக்கென்ன தெரியும்?

எங்களிடம் ஒரு வழக்கம். டெஸ்ட் விழுந்தால், அந்தப் பகுதியில் கடைசியாகக் கை வைத்தவர் புரோகிராமில் செய்த மாற்றத்தை வெள்ளிக்கிழமைக்குள் தூக்கிவிடுவார்கள். அந்த முறை கை வைத்திருந்தவர் சந்தாபுராவிலிருந்து வரும் பெண். குழந்தைக்காக நாலு வருஷம் வேலையை விட்டுவிட்டுத் திரும்பியவர். அந்த மாற்றத்தை வைத்துத்தான் அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும்.

விசாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஓட்டம் எங்கெல்லாம் போகிறது என்று பார்க்க நான் சேர்த்த பிரிண்ட் வரிகள், ஓட்டத்தின் பதிவான லாகில் வரவே இல்லை. ஓட்டம் அந்தப் பக்கம் போகவில்லை போலும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அவருடைய மாற்றத்தை எடுத்துவிட்டு ஓட்டினேன், பத்தும் பாஸ். வைத்து ஓட்டினேன், இரண்டு ஃபெயில்.

வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் எங்கள் டீம் லீட், "டவுட் ஏதும் இல்லையே, குரு?" என்றார். உள்ளுக்குள் ஆயிரம் குழப்பம். ஆனாலும், "இல்ல, அவங்க மாத்தினதுதான்" என்றேன்.

"எந்த வரியில தப்புன்னு மட்டும் காட்டுங்க" என்று அந்தப் பெண் கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை. மாற்றத்தைத் தூக்கினார்கள். அவருடைய கன்ஃபர்மேஷனையும் மூன்று மாதம் தள்ளிவைத்தார்கள்.

திங்கட்கிழமை, அந்த மாற்றம் இல்லாமலேயே டெஸ்ட் விழுந்தது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில், எந்தக் கெர்னல் ஓடுகிறது என்று ஒரு கமாண்ட் அடித்துப் பார்த்தேன். போன மாதத்துப் பழைய கெர்னல். நான் புதிதாக பில்ட் செய்ததெல்லாம் டிஸ்கில் சும்மா கிடக்க, மெஷின் ஒவ்வொரு முறையும் பழையதிலேயே பூட் ஆகியிருக்கிறது. அந்தப் பெண் எழுதிய ஒரு வரிகூட அதில் இல்லை, நான் சேர்த்த பிரிண்ட் வரிகளும் இல்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததை ஆதாரம் என்று எல்லோர் முன்னாலும் வைத்திருக்கிறேன், மடையன். வெட்கமாக இருந்தது.

லீடுக்கு மெயில் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அப்போ டெஸ்ட் ஏன் ஃபெயில் ஆகுது?"

"தெரியலைங்க."

"இதையே வெள்ளிக்கிழமையும் சொல்லியிருக்கலாமே" என்றார்.