ஊடு என்று படித்தேன்

என் தங்கையைப் பற்றி யாராவது ‘பாவம், படிப்பு ஏறாத பிள்ளை’ என்று சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். படிப்பு ஏறாதவளா அவள்? எங்கள் ஆட்டையாம்பட்டித் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். அப்பா நெய்துகொண்டிருப்பார். இவள் வாசலில் கல் ஆடிக்கொண்டே, இழை அறுந்துவிட்டது என்று சொல்லுவாள். அப்பா குனிந்து பார்த்தால் அறுந்திருக்கும். தறியின் சத்தம் மாறியதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். அப்போது அவளுக்கு ஆறு வயது இருந்தால் அதிகம்.

என்னைவிட இரண்டு வகுப்பு கீழே. பள்ளிக்கூடம் ஒரே கூடம் என்பதால் ஐந்தாம் வகுப்புக்குப் போடும் வாய்க்கணக்கு மூன்றாம் வகுப்பு வரிசையிலும் கேட்கும். நான் விரல் மடக்கிக்கொண்டிருப்பேன். அவள் அங்கிருந்து விடையைச் சொல்லிவிடுவாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு தடவை காதில் விழுந்த கதையை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் போச்சு. ப-வை ம என்பாள். ந-வைத் திருப்பிப் போட்டு எழுதுவாள். மணலில் எழுதி எழுதி விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒரு நாள் வாத்தியாரிடம் ஒரு கேள்வி கேட்டாள். ‘கெ’ என்று சொல்லும்போது க் முதலில் வருகிறது, எ பின்னால் வருகிறது. அப்படியிருக்க, கொம்பை மட்டும் எதற்கு முன்னால் எழுதுகிறோம் என்றாள். அதிகப்பிரசங்கி என்று கையில் ஒன்று போட்டார். அத்தோடு விட்டிருந்தால் அவரை நான் மறந்திருப்பேன். மறுநாள் வந்ததும் அவளைக் கூப்பிட்டு, “நானும் யோசிச்சுப் பார்த்தேன் சாமி, எனக்கும் தெரியல” என்றார். ஒரு பொடிப்பெண்ணிடம் அப்படிச் சொன்ன வாத்தியாரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவள்மேல் பிரம்பு படவில்லை. என்னைத் தனியாக அழைத்து, அவள் கண்ணில் எழுத்து நிற்கவில்லை, காதில் விழுந்ததோ மறப்பதில்லை, அதனால் தினமும் சாயங்காலம் பாடத்தை நீ படித்துக் காட்டு என்று சொன்னார்.

மூன்றாம் வகுப்பில் அவளுக்கு அது இரண்டாவது வருஷம். இந்தத் தடவையும், பரீட்சை வைக்க வரும் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் தேர்ச்சி போடவில்லையென்றால் நிறுத்திவிட்டு, ராட்டையில் தறிக்குத் தார்நூல் சுற்ற உட்கார்த்திவிடுவேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா கெட்டவரில்லை, தெருவில் எல்லாப் பெண்களும் அதைத்தான் செய்தார்கள். என் தங்கை அழுத்தக்காரி. அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன்.

நான் படித்துக் காட்டினேன். மனசாரப் படித்தேன் என்றால் அது பொய். என் வயசு ஈட்டுப் பிள்ளைகள் பாண்டி ஆடும் நேரத்தில் நான் இவளுக்குப் பாடம் வாசிக்க வேண்டும். வகுப்பில் முதலாவதாக வந்தவள் நான். வருகிறவர் போகிறவரெல்லாம் ஆச்சரியப்பட்டது இவளைப் பார்த்து. இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின சாயங்காலம் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. குருவி கூடு கட்டியது, மனிதன் வீடு கட்டினான் என்று பாடத்தில் இருந்தது. நான் வேண்டுமென்றே “மனிதன் ஊடு கட்டினான்” என்று வாசித்தேன். நாங்கள் பேசுவது ஊடுதான். புத்தகத்தில் ஊடு வராது என்பது எனக்குத் தெரியும். அவள் ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அப்படியே திருப்பிச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொன்னார். இவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓடுகிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். ஊடு வந்ததும் அவர் கையைத் தூக்கினார். அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டு என்றார். அவள் விரல் வேறெங்கோ போய் நின்றது. வாத்தியாரின் முகம் செத்துப்போயிற்று. எழுந்து நின்று, பிள்ளைக்கு எழுத்து தெரியாது, எல்லாம் கேட்டுப் படித்தது என்று உள்ளதைச் சொன்னார். ஊடு என்று ஏன் சொன்னாய் என்று இன்ஸ்பெக்டர் அவளையே கேட்டார்.

“எங்கக்கா அப்பிடித்தானுங்க படிச்சா. எங்கக்கா தப்பாப் படிக்க மாட்டாளுங்க.”

என்னை யாரும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். “நாந்தானுங்க வேணும்னே தப்பாப் படிச்சேன்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, கூடத்துக்குக் கேட்டிருக்கிறது.

அவர் என்னைத் திட்டவில்லை. ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை ஒரே தடவை வாசித்தார். இவள் அதைத் திருப்பிச் சொன்னாள், அவருடைய தஞ்சாவூர் இழுப்போடு. நடுவில் அவர் தொண்டையைக் கனைத்த இடத்தில் இவளும் கனைத்தாள். கூடமே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் அந்தப் பாடத்திலிருந்து குறுக்கும் நெடுக்குமாகக் கேட்டார், கணக்கும் கேட்டார். இவள் எதற்கும் அசரவில்லை. கடைசியில் பேனாவை எடுத்துக்கொண்டே வாத்தியாரிடம், “எழுத்துதான் வரலை. படிப்பு வந்திருக்கு” என்றார். தேர்ச்சி போட்டார்.

ஐந்தாவதோடு பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவது எங்கள் தெரு வழக்கம். அந்த வருஷத்தோடு நான் நிற்க வேண்டியவள். அதைப் பற்றி வீட்டில் பேச்சுகூட எழவில்லை. வாத்தியார்தான் அப்பாவைப் பார்க்க வந்தார். சின்னவளை ஐந்தாவதோடு நிறுத்தக் கூடாது, அவளுக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும், மேல்வகுப்புப் பாடம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும், பெரியவளையும் அனுப்புங்கள் என்று கேட்டார். அப்பா நெய்வதை நிறுத்தினார்.

“சின்னவளுக்கோசரம் பெரியவளும் போவட்டுங்க” என்றார்.

அப்படித்தான் நான் எட்டாவது வரை படித்தேன். யாரைக் கவிழ்க்கப் பார்த்தேனோ அவள் தயவில் படித்தேன். அன்று கூடத்தில் தப்பை ஒப்புக்கொண்டேனே தவிர, வெட்கத்தில் என் வயிற்றெரிச்சலையும் இந்தத் தயவையும் இத்தனை வருஷமாக அவளிடம் சொன்னதில்லை. இப்போது எழுதி முடித்துவிட்டேன். அவளுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டியவளும் நான்தான்.