பழகிடும்

என் அண்ணனுக்கு லேபில் மின்னல் என்று பெயர். பல்செட்டு செய்யும் லேப் அது. டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அச்சை அனுப்புவார்கள். அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, வாயின் மாதிரியை எடுத்து, அதன் மேல் பல்லை அடுக்கி, செட்டாக்கித் திருப்பி அனுப்புவது அண்ணனின் வேலை. மற்றவர்கள் ஒரு நாளில் நான்கு செட்டு முடித்தால் இவன் ஒன்பது முடிப்பான். மாதாமாதம் அதிகம் முடித்தவரின் படத்தை முதலாளி சுவர்ப் பலகையில் ஒட்டுவார். இரண்டு வருடம் அந்தப் பலகையில் என் அண்ணனைத் தவிர வேறு முகம் ஏறவில்லை. பசை வீணாகிறது என்று கடைசியில் படத்தை ஆணியடித்தே மாட்டிவிட்டார்கள்.

அது போதாதென்று மாலையில் இன்னொரு லேப். சாப்பாடு நின்றுகொண்டே. "ஓடு, ஓடு, நின்னா நீ காலி" என்று எவனோ முன்னேற்றப் பேச்சாளன் போன் வீடியோவில் கத்துவான். அதைக் கேட்டுக்கொண்டே பல் அடுக்குவான். அந்த ஆள் என் கையில் கிடைத்தால் நாலு அறை விட்டிருப்பேன். பதினைந்து நாளைக்கு ஒருமுறை என் வீட்டுக்கு வருவான், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி. அப்பா என்னோடுதான் இருந்தார்.

அப்பா ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொன்னவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் போகவில்லை. ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "போன வாரம் வர வேண்டிய மின்னல், எட்டு நாள் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது" என்று அறிவிப்பார். அண்ணனும் சிரிப்பான். சிரித்துக்கொண்டே கடிகாரத்தைப் பார்ப்பான்.

அப்பாவுக்குப் பல் எல்லாம் போனபோது, "நானே செஞ்சு தர்றேன், வேற யார்கிட்டயும் போகாதீங்க" என்றான் அண்ணன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொன்னார். தெரிந்த டாக்டர் அளவெடுத்துக் கொடுத்தார். செட்டு தயாரானதும் அவரிடமே போய்ப் போட்டுப் பார்க்க வேண்டும், அதுதான் முறை. அண்ணனுக்கு ஏது நேரம்? லேபிலிருந்து நேராக வாசலுக்கு வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் டப்பாவை நீட்டினான்.

அப்பா போட்டுக்கொண்டு வாயை அசைத்துப் பார்த்தார். "இடது பக்கம் கொஞ்சம் உறுத்துது தம்பி."

"பழகிடும்பா."

லேபில் அது வேதவாக்கு. யார் என்ன குறை சொல்லி அனுப்பினாலும் பழகிடும் என்றுதான் பதில் போகும். பாதிப் பேருக்கு நிஜமாகவே பழகிவிடும். மீதிப் பேர் என்ன ஆனார்கள் என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை.

அப்பா ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிப் பார்த்தார். எந்தப் பல்லை என்று கேட்காதீர்கள், அவரே சொன்ன ஜோக் அது. ஈறு புண்ணாகி ரத்தம் வந்தது. பிறகு சாப்பிடும்போது செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டுவிடுவார். நான் ரொட்டியின் ஓரத்தை வெட்டிப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பேன். ஆப்பிளை வேகவைத்து மசிப்பேன். வறுத்த கடலை என்றால் உயிர் அவருக்கு. அதை வாசனை பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தருவார்.

"அண்ணன்கிட்ட சொல்றேன். வேற செஞ்சு தரட்டும்."

"வேண்டாம்மா. பாவம், வந்து பத்து நிமிஷம் உட்கார்றான். அதையும் குறை சொல்லிக் கெடுக்கணுமா?"

ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் அவசரமாக டம்ளருக்குள் கையை விட்டு, செட்டை மாட்டிக்கொண்டு, அறிவிப்பைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். எவ்வளவு அழகான பல்! அண்ணன் தன் வேலையைத் தானே பெருமையோடு பார்த்துவிட்டுப் போவான். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

ஒரு நாள் காலை அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நெஞ்சுவலி என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணன் வந்தான். உறவுக்காரர்கள் நிறைந்த அறையில் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கன்னம் ஒட்டி, வாய் உள்ளே போயிருந்தது.

"அந்த செட்டை எடுத்துட்டு வாம்மா. போட்டுவிட்டா முகம் நல்லா இருக்கும்."

"வேண்டாம்" என்றேன். "அவருக்கு வலிக்கும்."

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அழுகையில் உளறுகிறாள் என்று சித்தி என் தோளைப் பிடித்தாள். நான் உளறவில்லை. மூன்று வருடத்துக் கதையையும் அங்கேயே, அத்தனை பேர் நடுவில், அவன் தலையில் கொட்டினேன். ஊறவைத்த ரொட்டி, புண், கடலை, டம்ளர், எதையும் விடவில்லை. அதற்கு அது நாளில்லை. இன்றுவரை அதற்காக என்னை நானே மன்னிக்கவில்லை.

அவன் போய் டம்ளரிலிருந்து செட்டை எடுத்தான். துடைத்தான். திருப்பிப் பிடித்து உட்புறத்தில் கட்டைவிரலை ஓட்டினான். இடது பக்கம் வந்ததும் விரல் நின்றது.

கடுகளவு ஒரு பரு. பிளாஸ்டர் ஊற்றும்போது அச்சை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம், உள்ளே சிக்கிய காற்று மேலே வருவதற்கு. தட்டாமல் விட்டால் மாதிரியில் சின்னக் குழி விழும். அந்தக் குழி செட்டில் பருவாக வந்து ஈறைக் குத்தும். அனுப்புமுன் உட்புறத்தில் ஒருமுறை விரல் ஓட்டிப் பார்ப்பது முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடம். இருந்தால் மெஷினில் வைத்துத் தேய்த்துவிடலாம்.

"ஏன் சொல்லல?" என்றான்.

"நீ எப்ப உட்கார்ந்தே, நான் சொல்றதுக்கு?"

அது பாதிதான் உண்மை. அப்பா தடுத்தார் என்பது எனக்கு வசதியாகவும் இருந்தது. அண்ணன் மேல் ஒரு கோபத்தை வைத்துக்கொண்டு, நான்தான் எல்லாம் பார்க்கிறேன் என்ற நினைப்பில் இருந்தேன். ஒரு போன் செய்திருக்கலாம். அப்பாவைக் கைபிடித்து அந்த டாக்டரிடம் அழைத்துப் போயிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை.

மாலை லேபை அண்ணன் விட்டுவிட்டான். பகல் லேபில், இனி நாளைக்கு நான்கு செட்டுதான் என்று சொல்லிவிட்டான். "என்னப்பா, மின்னல் இப்ப மெழுகுவர்த்தி ஆயிடுச்சா?" என்று முதலாளி கேட்டாராம். படத்தைக் கழற்றிவிட்டார்கள், ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு அச்சையும் தட்டித் தட்டி ஊற்றுகிறான். ஒவ்வொரு செட்டிலும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று சுற்று விரல் ஓட்டுகிறான். யாராவது உறுத்துகிறது என்று சொல்லி அனுப்பினால், "கொண்டு வரச் சொல்லுங்க, பார்க்கலாம்" என்கிறான். சாயங்காலம் இங்கே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறான். நிதானம் வந்துவிட்டது, நல்லதுதான் என்று சித்தி சொல்கிறாள். அப்பாவின் நாற்காலிக்கு எதிரில் அவன் மெதுவாகச் சாப்பிடுவதைப் பார்க்க முடியாமல் நான் சமையலறைக்குப் போய்விடுகிறேன்.

போன வாரம் அவன் வீட்டில் கத்தரிக்கோல் தேடியபோது மேசை இழுப்பறையில் அப்பாவின் செட்டு கிடைத்தது, கைக்குட்டையில் சுற்றியபடி. திருப்பி, இடது பக்கம் விரலை ஓட்டினேன். வழவழவென்று இருந்தது.

"தேய்ச்சிட்டியா?"

"ம்."

"எப்ப?"

"அன்னைக்கே. எல்லாம் முடிஞ்சதும் நேரா லேபுக்குப் போனேன்."

கைக்குட்டையை மறுபடி சுற்றினேன். அவனே சொன்னான்.

"ரெண்டு நிமிஷம்கூட ஆகலம்மா."