டிராயரில் மூன்று சீல்கள்

முந்திரி உடைக்கும் ஆலை ஒன்றில் பர்ச்சேஸ் கிளார்க்காக இருந்தேன் என்று சொல்லிக்கொள்ள இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. அரிமளத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அந்த ஆலையில் முதலாளிக்குப் பாதிப் பங்குதான். மீதி, அறந்தாங்கிப் பக்கத்து ஆட்கள் துபாய் வெயிலில் வெந்து அனுப்பிய பணம். அவர்களுடைய திருப்திக்காக ஒரு விதி: எதை வாங்கினாலும் மூன்று கடைகளில் கொட்டேஷன் கேட்டு, விலை குறைந்ததை எடுக்க வேண்டும்.

மூன்று கடையும் முதலாளியுடையதுதான். ஒன்று அவர் பெயரில், ஒன்று சம்சாரம் பெயரில், இன்னொன்று மச்சான் பெயரில். மூன்றின் லெட்டர்பேடும் சீலும் என் மேசை டிராயரில் கிடந்தன. எது ஜெயிக்க வேண்டும் என்று மேனேஜர் சொல்வார். தோற்க வேண்டிய இரண்டுக்கும் நானே விலையைக் கூட்டி எழுதுவேன். தூ, இதற்கா பி.காம். படித்தேன்!

ஒருநாள் உடைப்பு ஷெட்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். முந்திரி ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். அவருக்கு விரலெல்லாம் கறுத்து உரிந்திருந்தது.

"ரேசன் கடை மிசின்ல ரேகை விழுக மாட்டேங்குதுங்க. நல்ல கிளவுசாப் பாத்து வாங்கிக் குடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அறந்தாங்கிக் கடையொன்றில் ஒரு ஜோடி வாங்கிவந்து, அந்த எண்ணெயிலேயே ஒரு நாள் முழுக்க ஊறப்போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. விலையும் குறைவு. மேனேஜரிடம் கொண்டு ஓடினேன். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நம்ம வீட்டுல சோறு இருக்கையில ஓட்டல்ல எதுக்குய்யா திங்கணும்? டிராயரத் தொற."

திறந்தேன். பதற்றத்தில், சம்சாரத்தின் லெட்டர்பேடில் மச்சானின் சீலைக் குத்திவிட்டேன். ஆடிட்டர் வந்தபோது சரியாக அதன் மேல் விரலை வைத்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அப்பாடா என்றிருந்தது.

"சீல் மாறிப்போச்சு தம்பி. வேற ஒண்ணு அடிச்சு வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு, தட்டிலிருந்த முந்திரிப் பருப்பை வாயில் போட்டுக்கொண்டார். வேலியே பயிரை மேய்கிறது, காவலுக்கு வந்தவரும் கூட உட்கார்ந்து மேய்கிறார்! நானும் வேறு ஒன்று அடித்துவைத்தேன்.

முதலாளி கடை கிளவுஸ் நாலாம் நாளே இளகிப் பிசுபிசுத்துவிட்டது. அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்கா என் மேசைக்கு வந்தார். உள்ளங்கை வெந்துபோயிருந்தது. நன்றாகத் திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"மூணு கடையில வெசாரிச்சுத்தான் எடுத்தீங்கன்னு மேனேஜர் சொன்னாருங்க. நீங்க என்ன செய்வீங்க, பாவம். மத்த ரெண்டு கடையில இதவிட மோசமாவா இருந்துச்சு?"

சரியாக மூடாத டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

"ஆமாக்கா" என்றேன்.