கிணற்றுத் தட்டான்

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கிணறு வெட்டும் ராஜரத்தினத்துக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

ஜப்பான்காரன் ஆண்ட இரண்டாம் வருஷம். காஜா பெராங் என்ற ஊரில், மரவள்ளிக்குத் தண்ணீர் வேண்டுமென்று கிணறு வெட்டியவர், இருபதடி ஆழத்தில் ஒரு பலகைக் கல்லைப் பிளந்தார். உள்ளே சிறகு விரித்த பூச்சி ஒன்று கல்லாகவே கிடந்தது. சுற்றிலும், சந்தையில் விற்கும் கெராகாவ் மாதிரிப் பொடி இறால்கள், அவையும் கல்லாக. மேட்டு நிலத்தில் இறாலா! எந்தக் காலத்திலோ இங்கே ஆறு ஓடியிருக்கிறது என்று தோன்றியதும் மனிதருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"சந்திரமதி! உள்ள ஒரு தட்டான் ஒளிஞ்சு கெடக்கான்டி!" என்று மேலே நின்ற மனைவியிடம் கத்தினார்.

வேலியோரம் போன நல்லையாவுக்கு அது கேட்டது. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஜப்பானியருக்கு மொழிபெயர்ப்பவர். அவருக்குத் தட்டான் என்றால் நகை செய்கிறவன்தான். கடைத்தெருவான ஜாலான் பெண்டஹாராவிலிருந்து தங்கத்தோடு மறைந்த தட்டான் ஒருவனைச் சிப்பாய்கள் தேடிக்கொண்டிருந்த வாரம் வேறு. மறைத்தால் தன் தலை போகும் என்று பயந்து, போய்ச் சொல்லிவிட்டார்.

அரை மணியில், ஊரே அஞ்சும் ஜப்பானிய அதிகாரியையும் நல்லையாவையும் ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. அதில் ஏற்கெனவே பதினொரு பேர், சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடிக்கப்பட்டவர்கள். கல்லோடு மேலே ஏறி வந்த ராஜரத்தினத்தின் கைகளைச் சிப்பாய்கள் கயிற்றால் கட்டினார்கள்.

"தட்டானை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறீர்? சொல்லும்!" என்றார் நல்லையா.

"ஐயோ, பூச்சிங்கய்யா! கல்லுல இருக்குற பூச்சி!"

சந்திரமதி அழுதுகொண்டே கல்லைத் தூக்கி வந்து அதிகாரியின் காலடியில் வைத்தாள். நல்லையா குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அட கடவுளே, இது தும்பியெல்லோ!"

அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். கல்லை வாங்கி வெயிலில் திருப்பினார்.

"தொம்போ!" என்றார் அவர்.

அவர்கள் ஊரிலும் ஏறக்குறைய அதே பேர்! அந்தக் கடுகடுத்த முகம் சிரித்ததை ராஜரத்தினம் அன்றுதான் பார்த்தார். கல்லை அதிகாரியே எடுத்துக்கொண்டார். கட்டை அவிழ்க்கச் சொன்னார். லாரி பதினொரு பேரோடு போயிற்று. அதில் திரும்பி வந்தவர்கள் இரண்டே பேர்.

சண்டை முடிந்த பிறகு ஒருநாள், மகள் சீதா ஒரு தட்டானைப் பிடித்து வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தாள். ராஜரத்தினம் ஓடி வந்து அதைப் பிடித்தார். முடிச்சை அவிழ்த்தார்.

"இவனைக் கட்டாதடா கண்ணு," என்றார். "அப்பாவோட கட்டை அவுத்துவிட்டவன் இவன்தான்."