கைலியோடு குளத்தில் குதித்த மாமா

குளோரின் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் முதலில் பசிதான் எடுக்கிறது. கூலிம் நகரத்து நீச்சல் குளத்துக்குப் போகும்போதெல்லாம் அம்மா ஒரு பெரிய டப்பா நிறைய "மீகூன்" என்கிற அரிசி சேமியாவைப் பிரட்டி எடுத்துவருவார். ஈர விரலால் அதை அள்ளித் தின்னத்தான் நான் நீந்தவே போகிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள், அதில் பொய்யும் இல்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். அம்மாவின் தம்பி சேகர் மாமாவுக்குக் கல்யாணமான புதிது. புது அத்தை, அவருடைய அப்பா அம்மா எல்லாரையும் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போயிருந்தோம். பாடாங் மேஹா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த மாமா, "கைலி"யை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கிறவர். பெண் வீட்டார் முன்னால் அந்த வீரத்தைக் காட்டாமல் விடுவாரா? குளத்தில் கைலிக்கு அனுமதியில்லை என்பதால் அப்பாவின் நீச்சல் கால்சட்டையை இரவல் வாங்கிப் போட்டார். குனிந்ததும் அது பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, குளத்துக் காவலரான புஷ்பா அக்கா மறுகோடியில் ஒரு குழந்தைக்கு மிதவை மாட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கைலியோடு ஆழத்தில் குதித்துவிட்டார்.

கைலி உப்பி விரிந்து, காலைச் சுற்றிக்கொண்டது. மாமா சத்தமே போடவில்லை. வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து வந்து போனதால் வேடிக்கை காட்டுகிறார் என்றே சிரித்தோம். புஷ்பா அக்காவின் விசில் சத்தத்தில்தான் எங்கள் சிரிப்பு நின்றது.

அப்பா குதிக்கப் போனார். "குதிக்காதீங்க அங்கிள்! அவரு உங்களையும் அமுக்கிருவாரு, அப்புறம் ரெண்டு பேரத் தூக்கணும் லா!" என்று தடுத்த அக்கா, கரையில் குப்புறப் படுத்து நீளமான கழியை நீட்டினார். "ரெண்டு கையாலயும் புடிங்கண்ணே!"

மாமா ஒரு கையால்தான் பிடித்தார். இன்னொரு கை, அவிழ்ந்துபோன கைலியை இடுப்போடு இறுக்கிக்கொண்டிருந்தது. மாமியார் பார்க்கிறாரே! கழி வழுக்கியது, அக்கா மறுபடி நீட்டினார், மறுபடியும் வழுக்கியது. மாமா செத்துப்போய்விடுவார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க! யாரும் பாக்கலண்ணே, கைலிய விடுங்க!" என்று கத்தினார். அத்தையின் அப்பா, அம்மா, நாங்கள், டிக்கெட் கொடுக்கும் மலாய்க்காரர் வரை குளத்துக்கு முதுகைக் காட்டி நின்றோம். தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஓர் இருமல். அவ்வளவு அழகான இருமலை அதற்குப் பிறகு நான் கேட்டதேயில்லை.

திரும்பிப் பார்த்தால், மாமா துண்டுகளுக்குள் ஒருக்களித்துக் கிடந்து தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணுமில்ல லா" என்று எவ்வளவோ மறுத்தும், புஷ்பா அக்கா அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அந்தக் குளம் இப்போது இல்லை. அங்கே கார்கள் நிற்கின்றன. புஷ்பா அக்கா எங்கிருக்கிறார் என்றும் தெரியவில்லை. என் மகனைச் சுங்கை பட்டாணி நகரக் குளத்துக்கு நீந்தக் கூட்டிப்போகும்போது மாமாவும் வருவார், முழங்கால்வரை நீச்சல் உடையும் இடுப்பில் இரட்டை முடிச்சுமாக. போன வாரம் கரையில் உட்கார்ந்திருந்த அத்தையிடம் மீகூன் டப்பாவை நீட்டினேன். அவர் திரும்பவேயில்லை.

"அன்னிக்கு நீங்க எல்லாரும் திரும்பிட்டீங்க. நான் திரும்பலம்மா" என்றார், குளத்தைப் பார்த்தபடியே. "கண்ண எடுத்தா போயிருவாருன்னு பயம்."

மாமா கரையைத் தொட்ட பிறகுதான் அத்தை டப்பாவை வாங்கினார்.