பிடிக்கவில்லை

தள்ளிவிட்டாள் என்கிறவள் மலையில் நின்று பார்த்தாளா? மாடிவீட்டுக்காரிக்கு ஒரு விஷயம் கிடைத்தால் போதும், கண் காது மூக்கு வைத்து நடக்கவிட்டுவிடுவாள். என் தங்கச்சி யாரையும் தள்ளவில்லை. விழப் போனவள் கையைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். தள்ளுவது வேறு, பிடிக்காமல் இருப்பது வேறு. இல்லை, ரெண்டும் ஒன்றுதான் என்று அவள் வந்தால், நான் இன்னும் அரை நாள் பேசத் தயார்.

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினெட்டு வருஷம் படுக்கை விரிப்பு மடித்தவள் என் தங்கச்சி. அது ஒற்றை ஆள் வேலை இல்லை. சூடாக வருகிற விரிப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, ஒரு உதறு உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். எதிரே நின்றவளுக்கு நெட்டை என்று பெயர். இவள் அவள் தோளுக்குக்கூட எட்ட மாட்டாள். விரிப்பு ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க, இடது மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி ஒரு மடிப்பு மடிப்பார்கள். அது என் தங்கச்சி கண்டுபிடித்தது. என் போர்வையில்தான் பழகிப் பார்த்தாள். மறுமுனையைப் பிடித்து நின்றவள் நான்.

"நெட்டை இப்படிக் கோணலாப் பிடிக்க மாட்டா அக்கா" என்பாள். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்கு வேப்பங்காய்.

போன குளிரில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டேன். அவள் ஒரு மாசம் லீவு போட்டு என்னைப் பார்த்துக்கொண்டாள். வலியெல்லாம் இருந்தது, ஆனாலும் அந்த மாசம் எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாயே, அதையும் எழுது. அவள் திரும்ப வேலைக்குப் போனால், நெட்டைக்கு எதிரே ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். புதுசு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

சூப்பர்வைசர் அம்மா சொன்னாளாம், "அவங்க ரெண்டு பேருக்கும் கை பழகிடுச்சு. நீ தலையணை உறைக்குப் போ." தலையணை உறைக்கு ஒரு ஆள் போதும்.

"புதுசு எப்படி மடிக்கிறா?" என்று நான் கேட்பேன்.

"நல்லாத்தான் மடிக்கிறா" என்று தட்டைத் தள்ளி வைப்பாள்.

குளிர் விட்டு மரமெல்லாம் துளிர்க்கிற சமயத்தில், வருஷா வருஷம் ஊருக்குப் பின்னாலிருக்கிற மலைக்கு நடப்பார்கள். இவள், நெட்டை, சலவைத் துணி வேன் ஓட்டுகிறவர், மூணே பேர். இந்தத் தடவை புதுசும் வந்தாள். ஏறும்போதே தூறல். பாதையில் ரெண்டு பேர்தான் சேர்ந்து நடக்கலாம். முன்னால் நெட்டையும் புதுசும் சிரித்துச் சிரித்துப் போகிறார்கள். பின்னால் இவள், பக்கத்தில் வேன்காரர்.

"வானத்தைவிட உன் மூஞ்சிதாம்மா ரொம்ப இருட்டிக்கிட்டு இருக்கு" என்றாராம் அவர்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே மழை வலுத்துவிட்டது. தார்ப்பாயைப் பாறைக்கும் மரத்துக்குமாகக் கட்டி, அதனடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றார்கள். மழை விட்டதும் என் தங்கச்சி பழக்கதோஷத்தில் முதலில் எழுந்து தார்ப்பாயின் ரெண்டு மூலையை எடுத்தாள்.

"விடுங்கக்கா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று புதுசு அதை வாங்கிக்கொண்டாள். அவளும் நெட்டையும் ஒரு உதறு. புதுசின் இடது மணிக்கட்டு உள்பக்கம் திரும்பியது.

"அட, இது யாரு வித்தை?" என்றார் வேன்காரர்.

"நெட்டையக்கா கண்டுபிடிச்சது" என்றாள் புதுசு, பெருமையாக.

நெட்டை தார்ப்பாயிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

இறங்கும்போது பாதை முழுக்கச் சேறு. புதுசுக்குக் கால் வழுக்கியது. "அக்கா" என்று பின்னால் வந்த இவள் பக்கம் கையை நீட்டினாள். இவள் கை மழைச்சட்டைப் பைக்குள் இருந்தது. அங்கேயே இருந்தது. புதுசு விழுந்து மணிக்கட்டு பிசகிவிட்டது.

"ஏண்டி பிடிக்கலை?" என்று வீட்டில் கேட்டேன்.

"பிடிக்கலை" என்றாள்.

நான் பிடிக்கலையா, எனக்குப் பிடிக்கலையா, எந்தப் பிடிக்கலை என்று நான் துருவவில்லை.

புதுசுக்கு மூணு வாரம் கட்டு. சூப்பர்வைசர் அம்மா இவளைத் திரும்பவும் விரிப்புக்குப் போட்டாள். ஆசைப்பட்ட இடம் கிடைத்துவிட்டது. நெட்டையோ, விரல்கூடப் படாமல் மூலையைக் கொடுத்தாளாம். ஐந்தாம் நாள் சொன்னாள், "மலையில நான் திரும்பிப் பாத்தேன். அவ கையை நீட்டினதைப் பாத்தேன்."

"அந்த மடிப்பு யாரு கண்டுபிடிச்சதுன்னு நீ சொல்லியிருக்கலாம்ல?"

"எந்த மடிப்பு?" என்றாள் நெட்டை.

நடிப்பில்லை. பதினெட்டு வருஷத்தில் அது யாருடையது என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

அன்றைக்கே என் தங்கச்சி சூப்பர்வைசர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். புதுசு வீட்டுக்குப் போய் அவளிடமும் சொன்னாள். கை சரியானதும் அவளையே விரிப்புக்கு வையுங்கள் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டாள். இவள் வாயால் சொன்னதைத்தான் மாடிவீட்டுக்காரி தள்ளிவிட்டதாக மாற்றியிருக்கிறாள்.

வேறு ஊரில் ஒரு விடுதியில் வேலை கிடைத்தது. கிளம்புகிற காலையில் நான் கைத்தடியை ஊன்றி வழியை மறித்து நின்றேன்.

"அங்க உனக்கு யாருடி இருக்கா? இங்க நான் இருக்கேன்ல?"

"நீ இருக்கேக்கா. நான் உன்னைச் சொல்லலை."

ஒதுங்கிக்கொண்டேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "நெட்டை என்னைத் தேடி வந்தா, உள்ள கூப்பிட்டு உட்கார வையக்கா" என்றாள்.

நான் சரி என்று சொல்லவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் சொல்லவே இல்லை. அவள் போய்விட்டாள்.